காப்பு அறுத்த மறுநாள்

1981 ஆம் ஆண்டு ஆடி மாதம், திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருத் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி முடிந்து, தருமர் பட்டாபிஷேகமும் ஆகி, காப்பு அறுத்த மறுநாள் இரவு கோயில் உண்டியல் உடைக்கப்பட்டது. திருவிழாக் காணிக்கையைத் தருமகர்த்தா முன்னதாகவே எண்ணி எடுத்துச் சென்றுவிட்டதால், போனது 43 ரூபாயும் கொஞ்சம் சில்லறையும்தான். உடைத்தவர்கள் மூன்று பையன்கள். மூவரும் பத்து நாள் கையில் காப்புக் கட்டி, கவுச்சி தொடாமல், கோயில் மண்டபத்திலேயே படுத்து எழுந்து, மஞ்சள் வேட்டியோடு அதே அம்மனுக்கு முன்னால் தீ மிதித்தவர்கள். அவர்களில் ஒருவன் என் தம்பி. அவனுக்கு அப்போது 15 வயது, எனக்கு 19.

"சாமி பயம் இல்லாத புள்ள" என்று தெரு சொன்னது. "வளர்ப்பு சரியில்ல" என்றும் சொன்னது. பிறகு கடலூரில் ஒரு பள்ளியில் 34 ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தபோது, வம்பில் மாட்டிய ஒவ்வொரு மாணவனைப் பற்றியும் இதே இரண்டு வாக்கியங்களை வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டேன். சில நேரங்களில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நானே சொல்லியுமிருக்கிறேன். குடும்பமும் மதமும் ஒரு பையனைத் தவறான வழியில் போகாமல் தடுக்கின்றனவா, தடுக்கின்றன என்றால் எதனால் தடுக்கின்றன என்ற கேள்வியை நான் படிப்பினால் அடையவில்லை. என் வீட்டுத் திண்ணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த தம்பியிடமிருந்துதான் அது எனக்கு வந்தது.

முதலில் சாமி பயத்தை எடுத்துக்கொள்கிறேன். என் தம்பிக்கு அது இல்லை என்பது உண்மையன்று. காப்புக் கட்டிய நாட்களில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் யாராவது தீட்டு என்று சொன்னால் பத்தடி விலகி நிற்பான். தீக்குழிக்கு முன்னால் நின்றபோது அவன் உதடு நடுங்கியதை நான் பார்த்தேன். பயம் இருந்தது, உண்டியலும் உடைந்தது. இந்த இரண்டும் ஒரே வாரத்தில் ஒரே ஆளிடம் எப்படி இருந்தன என்பதுதான் புதிர்.

இதே புதிரை அமெரிக்காவில் இரண்டு சமூகவியலாளர்கள் எண்களால் எதிர்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். டிராவிஸ் ஹிர்ஷி, ரோட்னி ஸ்டார்க் என்ற இருவரும் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் பகுதியில் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்களிடம் திரட்டிய விவரங்களைக் கொண்டு 1969 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேவாலயத்துக்குத் தவறாமல் போகும் பையன், இறந்த பின் தண்டனை உண்டு என்று நம்பும் பையன், இவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத் திருடுகிறார்களா, அடிதடியில் இறங்குகிறார்களா என்று பார்த்தபோது, குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை. நரகத்தை நம்புவது கையைக் கட்டிப் போடவில்லை. ஆனால் மற்ற ஊர்களில் செய்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்லத் தொடங்கின. ஸ்டார்க்கே பின்னாளில் தம் முடிவைத் திருத்திக்கொண்டார். சுற்றியிருக்கும் பெரும்பாலோர் சமய வாழ்வில் ஈடுபட்டிருக்கும் ஊரில்தான் ஒரு பையனின் பக்தி அவனைக் கட்டுப்படுத்துகிறது, அப்படியில்லாத ஊரில் அது தனியாக அவன் நெஞ்சுக்குள் இருந்துகொண்டு ஒன்றும் செய்வதில்லை என்பது அவருடைய பிந்தைய விளக்கம். 2001 இல் வேறு இருவர் 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மதம் குற்றத்தை ஓரளவுக்குத் தடுக்கத்தான் செய்கிறது, அந்த அளவு மிதமானது என்றார்கள்.

மிதமானது என்ற சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் அந்தப் பத்து நாட்களில் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கிறேன்.

காப்புக் கட்டியவர்கள் அந்த ஆண்டு முப்பது பேர் இருக்கலாம். அறுபது வயதைத் தாண்டிய கொத்தனார் ஒருவர், நகராட்சி ஊழியர் ஒருவர், கல்யாணமாகிப் பிள்ளை இல்லாத இரண்டு மூன்று பேர், பத்து வயதுச் சிறுவர்கள், என் தம்பி வயதுக்காரர்கள் ஐந்தாறு பேர். இரவில் கூத்து, விடிந்தால் குளியல், பகலில், பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்துக்குத் துரியோதனன் உருவம் செய்ய மண் சுமக்க வேண்டும், தீமிதிக்கு விறகு சேர்க்க வேண்டும். தம்பியைக் கொத்தனார்தான் மண் குழைக்கப் பழக்கினார். மதியம் யார் வீட்டில் சாப்பாடு என்று முறை வைத்திருந்தார்கள். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் "சாமி, உள்ள வாங்க" என்றார்கள். மற்ற நாட்களில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்களே குறைவு. அப்பா வாயில் அவன் "தறுதலை". பள்ளியில் கடைசி பெஞ்சு. இரவு ஒருவன் மண்டபத்தில் இல்லையென்றால் கேட்பதற்கு முப்பது பேர் இருந்தார்கள். அம்மன் பார்த்தாளோ இல்லையோ, கொத்தனார் பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பு அறுத்த அன்று மாலைக்குள் எல்லாம் கலைந்துவிட்டது. கொத்தனார் வேலைக்குப் போனார். நகராட்சி ஊழியர் கறி வாங்கப் போனார். மண்டபத்தைக் கழுவிப் பூட்டினார்கள். முப்பது பேர் கூட்டம் கலைந்து, என் தம்பியும் அவன் வயதுக்காரர்கள் இரண்டு பேருமாக மூன்று பேர் கூட்டம் ஆனது. அந்த மூன்று பேரில் வயதில் மூத்தவனுக்கு 16.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பிள்ளைகளைத் திருத்தும் முயற்சிகளில் மிகப் பழையதும் மிகக் கசப்பானதுமான பாடம் ஒன்று இதைத்தான் தொடுகிறது. பாஸ்டன் நகருக்கு அருகே கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் இரண்டு ஊர்களில் 1939 இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கான பையன்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழிகாட்டிகளை அமர்த்தினார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து பேசினார்கள், படிப்பில் உதவினார்கள், கோடை முகாம்களுக்கு அனுப்பினார்கள். மற்றப் பிரிவினருக்கு எதுவும் செய்யவில்லை. ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பிடித்து 1978 இல் முடிவை எழுதியபோது, உதவி பெற்றவர்களே மோசமான நிலையில் இருந்தார்கள். பின்னால் தோண்டிப் பார்த்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்குப் போன பையன்களிடம் தீங்கு கூடுதலாகத் தென்பட்டது. ஒரே வயதுப் பையன்களைப் பெரியவர்கள் அதிகம் இல்லாமல் ஓரிடத்தில் சேர்த்து வைத்தால், தான் செய்த வம்பைச் சொல்லிப் பெருமை அடிப்பதற்கு அவனுக்கு ஒரு சபை கிடைக்கிறது. எங்கள் கோயில் மண்டபம் ஒரு வகையில் முகாம்தான். ஆனால் அங்கே தாத்தாவும் பேரனும் ஒரே பாயில் படுத்திருந்தார்கள். பள்ளியிலும் நாங்கள் முரட்டுப் பையன்களையெல்லாம் பொறுக்கி ஒரே பிரிவில் போட்டு, அதற்குக் கண்டிப்பான ஒருவரை வகுப்பாசிரியராக நியமிப்பதை வழக்கமாக வைத்திருந்தோம். பல ஆண்டுகள் அந்தக் கண்டிப்பான ஆசிரியர் நானே.

இனி வளர்ப்பைப் பற்றி. பெற்றோர் இல்லாத பிள்ளைகளும், ஓடிப்போன பிள்ளைகளும்தான் வழக்கில் சிக்குகிறார்கள் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. பிடிபடும் சிறார்களில் நான்கில் மூன்று பங்கினர் 16 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். மிகப் பெரும்பாலோர் பெற்றோருடன் வாழ்பவர்கள். வீடு இல்லாதவர்கள் மிகச் சிறிய பங்கு. ஆகவே கேள்வி வீடு இருக்கிறதா என்பதாக இருக்க முடியாது. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

மெக்கார்ட் இதிலும் பயனுள்ள ஒன்றைக் கண்டார். அந்தப் பழைய திட்டத்தின் வழிகாட்டிகள் வீடு வீடாகப் போய் எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டு அவர் பார்த்தபோது, தகப்பன் இல்லாமல் அன்பான தாயிடம் வளர்ந்த பையன்கள், தாயும் தகப்பனும் அமைதியாகச் சேர்ந்து வாழ்ந்த வீட்டுப் பையன்களைவிட மோசமாகிவிடவில்லை. இருவரும் இருந்தும் ஓயாமல் சண்டை நடந்த வீடுகளின் பையன்களே மோசமாகிப் போனார்கள். எனக்கு இதை நம்புவதற்கு ஆய்வு தேவைப்படவில்லை. பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த மாணவர்கள் சிலருடைய தந்தையர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். இரண்டாண்டுக்கு ஒரு முறை தலையைக் காட்டுவார்கள். அந்தப் பிள்ளைகள் தகப்பன் இல்லாததால் கெட்டுப்போகவில்லை. மாமன்மார்களும் பெரியம்மாக்களும் சுற்றி இருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் தகப்பன் இருப்பதே பயமாக இருந்த பிள்ளைகள்தான் ஒன்பது மணிக்கு மேல் வெளியே இருந்தார்கள்.

குடியைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் இதைப் பற்றி எழுத முடியாது. 2003 இல் தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. கடலூருக்குக் கூடுதலாக இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆல்பேட்டையைத் தாண்டி முள்ளோடைக்குப் போய்விட்டால் புதுச்சேரி, அங்கே விலை குறைவு. எல்லையோர ஊர்களில் பதினாறு வயதுப் பையனுக்கு முதல் வருமானமாக அமைவது பல நேரங்களில் இடுப்பில் சொருகிக்கொண்டு வரும் நான்கு பாட்டில்தான். அதை அவனிடம் கேட்டு வாங்குபவர் அடுத்த வீட்டு மாமா. சில வீடுகளில் அப்பாவே. அப்பாவுக்காக எல்லை கடந்து போய்வந்த பையனுக்குச் சட்டம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று எந்த வாயால் சொல்லிக் கொடுப்பது?

ஹிர்ஷி தம் கேள்வித்தாளில் மாணவர்களிடம் கேட்ட எளிய கேள்வி ஒன்றை நான் என் வகுப்புகளில் பயன்படுத்தியிருக்கிறேன். வீட்டை விட்டு வெளியே இருக்கும்போது நீ எங்கே இருக்கிறாய், யாருடன் இருக்கிறாய் என்பது உன் அம்மாவுக்குத் தெரியுமா? பெற்றோர் எல்லா நேரமும் பக்கத்தில் நிற்க முடியாது; தவறு செய்யும் வாய்ப்பு வரும் அந்த நொடியில் அவர்கள் பையனின் மனத்தில் வந்து நிற்கிறார்களா என்பதே முக்கியம் என்பது அவருடைய வாதம். நான் பத்தாம் வகுப்பில் இதைக் கேட்டபோது ஒருவன் எழுந்து, "தெரியும் சார், ஆனா கேட்க மாட்டாங்க" என்றான். வகுப்பு சிரித்தது. அந்தப் பதிலில் இரண்டு வீடுகள் இருந்தன: நம்பிக்கையால் கேட்காத வீடு ஒன்று, கேட்டுப் பயனில்லை என்று கைவிட்ட வீடு இன்னொன்று. அவன் எந்த வீட்டைச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது.

உண்டியல் உடைந்த மூன்றாம் நாள் தெருக்கூட்டம் கூடியது. காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அது கருணையா, திருவிழாவின் பெயர் கெட்டுவிடும் என்ற கவலையா என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை. போயிருந்தால், 1920 இல் சென்னை மாகாணத்தில் இயற்றி, அப்போதும் நடைமுறையில் இருந்த குழந்தைகள் சட்டத்தின் கீழ் வழக்கு வந்திருக்கும். இந்தியாவில் அத்தகைய சட்டங்களில் முதலாவது அது. கூட்டத்தில் மூன்று பையன்களும் ஒவ்வொரு வீட்டுப் பெரியவர் காலிலும் விழ வேண்டும், வீட்டுக்கு நூறு ரூபாய் தண்டம், அடுத்த மூன்று ஆண்டுகள் காப்புக் கட்டக் கூடாது என்று தீர்ப்பானது. தம்பி இருபத்தெட்டுக் காலில் விழுந்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், அப்போதும் கணக்குப் புத்தி. அப்பா அதற்குமேல் தம் தீர்ப்பு ஒன்றைச் சேர்த்தார்: அவனுக்கு வீட்டில் சோறு கிடையாது.

வெட்கப்படுத்துவதில் இரண்டு விதம் உண்டு என்று ஜான் பிரெய்த்வெயிட் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் 1989 இல் எழுதினார். செயலைக் கண்டித்து, ஆளை மறுபடி உள்ளே சேர்த்துக்கொள்வது ஒரு விதம். ஆளையே கறையாக்கி வெளியே நிறுத்துவது இன்னொரு விதம். முதலாவது குற்றத்தைக் குறைக்கும், இரண்டாவது பெருக்கும் என்பது அவர் கருத்து. எங்கள் தெரு செய்ததில் இரண்டும் கலந்திருந்தன. காலில் விழுந்தவனைப் பாதிப் பேர் தோளைத் தொட்டுத் தூக்கினார்கள். கொத்தனார் விழவே விடவில்லை. "ஏந்திரிடா, மண்ணு கொழைக்கிற கை இது" என்றார். ஆனால் மூன்று ஆண்டுகள் காப்புக் கிடையாது என்ற தீர்ப்பு, அவனுக்கு இதமாக இருந்த ஒரே கூட்டத்தின் கதவை அடைத்தது. அந்த மூன்று ஆண்டுகளில்தான் அவன் உண்மையாகவே கெட்டான். துறைமுகப் பக்கம் சீட்டாட்டம், சைக்கிள் திருட்டு, ஒரு முறை கத்திக்குத்தில் சாட்சியாக நிற்கும் அளவுக்கு அருகில். மதம் ஒருவனைத் தடுக்கிறதா என்று கேட்கிறவர்கள், மதத்தின் பேரால் யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சோறு கிடையாது என்ற தீர்ப்பை எங்கள் ஆயா, அதாவது பாட்டி, ஒரு நாள்கூட மதிக்கவில்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பின்கட்டில் கிணற்றடியில் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அப்பாவுக்கு அது தெரியும்; தெரிந்தது ஆயாவுக்கும் தெரியும். இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மருதூரில் 1823 இல் பிறந்த வள்ளலாரின் சிறு வயதைச் சொல்பவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள்: தகப்பனார் பச்சிளம் பருவத்திலேயே இறந்துபோக, சென்னையில் அண்ணன் சபாபதி வளர்க்கிறார், பையன் பாடசாலைக்குப் போகாமல் கந்தகோட்டம் முருகன் கோயிலில் போய் உட்கார்ந்துவிடுகிறான், கோபம் கொண்ட அண்ணன், அவனுக்கு வீட்டில் சோறு போடக் கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிடுகிறார், அண்ணி பின்வாசல் வழியாகச் சோறு போடுகிறார். கடைசியில் அந்த அண்ணியின் கண்ணீர்தான் பையனை வீட்டுக்குத் திருப்புகிறது. பள்ளிக்கு மட்டம் போட்டு ஊர் சுற்றும் பையன் என்று நம் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதப்பட்டிருக்க வேண்டிய ஒருவர், 1867 இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி, பசித்து வருகிறவரிடம் தகுதி கேட்காமல் சோறு போடச் சொன்னார். அந்த அடுப்பு இன்னும் எரிகிறது. அண்ணியின் பின்வாசலுக்கும் அந்த அடுப்புக்கும் தொடர்பு உண்டென்று நான் நினைத்துக்கொள்கிறேன். அதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் கிடையாது.

இப்போது இத்தகைய வழக்குகள் தெருக்கூட்டத்தில் முடிவதில்லை. 2016 சனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவனைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். சிறார்களுக்கான இல்லத்தில் வைப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டிய கடைசி முடிவு என்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 வயது தாண்டியவர்கள் விஷயத்தில் சட்டம் கடுமையாகியிருப்பது தனியாகப் பேச வேண்டிய செய்தி. நான் பார்த்த பையன்கள் யாரும் அந்த வகையில் வரவில்லை.

2017 இல் எங்கள் பள்ளிப் பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் வெள்ளிக் கடற்கரையில் நிறுத்தியிருந்த பைக்கை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போய், பெட்ரோல் தீர்ந்த இடத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தான். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்; அவனை வெளிப்படுத்துவதைச் சட்டமும் தடுக்கிறது. அவனுடைய அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவர்; கை முழுதும் முந்திரிப் பால் பட்டுக் கறுத்திருக்கும். தனியாகப் போகப் பயந்து, என்னையும் வரச் சொன்னார். நன்னடத்தை அலுவலர் பையனைப் பற்றி எழுதும் சமூக விசாரணை அறிக்கையில் குடும்ப உறுப்பினர்கள், அவர்களுக்குள் உறவு எப்படி, முன்பு யாராவது வழக்கில் சிக்கியதுண்டா என்றெல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு, மதத்தைப் பற்றிய மனப்போக்கு என்ன என்றும் ஒரு வரி இருக்கிறது. அலுவலர் அதைக் கேட்டதும் அம்மா அவசரமாக, "சாமி கும்புடுவான் சார், வெள்ளிக்கெழம ஆனா கோயிலுக்குப் போவான்" என்றார். அவர் எழுதிக்கொண்டார். பையன் என்னைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை மாலையில் அவன் எங்கே போவான் என்பது எனக்கும் அவனுக்கும் தெரியும். அந்த ஒரு வரியில் எதை எழுதினால் ஒருவனைப் பற்றி ஏதாவது தெரியவரும் என்று நான் அன்றிரவு யோசித்தேன். கோயிலுக்குப் போகிறானா என்பதைவிட, கோயிலில் அவனைத் தெரிந்தவர் யார், அவன் வராவிட்டால் யார் கேட்பார் என்று எழுதலாம்.

குழுமம் அவனுக்கு அறிவுரை கூறி, பெற்றோரிடம் ஒப்படைத்தது. அந்தக் கார்த்திகையில் அவன் சபரிமலைக்கு மாலை போட்டான்; குடிகாரரான அப்பாவும் உடன் போட்டார். ஒரு மண்டலம் அந்த வீட்டில் நடந்ததை அம்மா பள்ளிக்கு வந்து சொன்னபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "சாமி, எழுந்திரிங்க சாமின்னு அவங்கப்பன் அவன எழுப்பறாரு சார். இவன் சாமி, காபி குடிங்கன்றான். பொறந்ததுலேருந்து அந்த வீட்டுல யாரும் யாரையும் நீங்கன்னு கூப்பிட்டதில்ல." மாலை கழற்றிய நான்காம் நாள் அப்பா பழைய கடைக்குத் திரும்பிவிட்டார். பையன் திரும்பவில்லை. காரணம் ஐயப்பன் என்று அம்மா சொல்வார். எனக்குத் தெரிந்த காரணம் அந்தக் குழுவின் குருசாமி. பஸ் கண்டக்டரான அவர் சனிக்கிழமைதோறும் பையனை வீட்டுக்கு வரச்சொல்லி, பஜனைப் பாத்திரங்களைத் தூக்க, பந்தல் போட, ஏதாவது ஒரு வேலை வைத்துக்கொண்டே இருந்தார். மாலை இல்லாத நாளிலும் அவனைச் சாமி என்றே கூப்பிட்டார். இப்போது அவன் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. வாரம் ஒரு முறை குடிக்கிறான் என்று கேள்வி. வழக்கு எதுவும் இல்லை.

திருவிழாக்களை நான் வெறும் நன்மையாகக் காட்டிவிட்டேன் என்று நினைக்கக் கூடாது. எங்கள் பகுதிப் பையன்கள் பலருக்கு முதல் வழக்கு வந்ததே திருவிழாவில்தான். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது, மேளத்துக்கு முன்னால் எந்தத் தெருக்காரன் ஆடுவது, டிஜிட்டல் பேனரில் யார் படம் பெரிது என்பதில் தொடங்கி, சாதிப் பெயர் வந்து, கல் வந்து, காவல் துறை வரும். விநாயகர் சிலைகள் தேவனாம்பட்டினத்துக் கடலுக்குப் போகும் நாளில் பெரியவர்கள் முன்வண்டியில் இருப்பார்கள். பின்வண்டிகளில் இருப்பவர்கள் அத்தனை பேரும் பதினெட்டுக்குக் கீழே. மண்டபத்தில் தாத்தாவும் பேரனும் ஒரே பாயில் படுத்த அமைப்பு, லாரியில் ஏறியதும் வயதுவாரியாகப் பிரிந்துவிடுகிறது. இன்னொன்று, தெருக்கோயிலின் அரவணைப்பு அந்தத் தெருவில் பிறந்தவனுக்கு மட்டும்தான். என் வகுப்பில் என் தம்பியைவிடக் கெட்டிக்காரனும் அவனைவிடக் குறும்பனுமான ஒரு மாணவன் இருந்தான். அவன் பிறந்த தெருவின் பிள்ளைகளை எங்கள் கோயில் மண்டபத்தில் படுக்க விட்டிருக்க மாட்டார்கள். காப்புக் கட்டுவது இருக்கட்டும்.

அவனைப் பற்றி முடித்துவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் அவன் சக மாணவனின் மண்டையை ஸ்கேலால் உடைத்தான். மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் முதலில் சொன்னவன் நான். அவனுடைய பாட்டி வந்து, "இங்க இருந்தா நாலு பேரு பாத்துக்குவீங்க ஐயா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பள்ளியின் ஒழுங்கு முக்கியம் என்று நான் பதில் சொன்னேன். அடுத்த ஆண்டு அவன் செயின் பறிப்பு வழக்கில், விசாரணையில் இருக்கும் சிறார்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனான். சிறு வயதில் வம்பு செய்பவர்களில் பெரும்பாலோர் இருபதுகளின் நடுவில் தாமாகவே அடங்கிவிடுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அதுவரை அவர்களைப் பிடித்து வைத்திருக்க ஏதாவது ஒன்று வேண்டும், அவ்வளவுதான். பாட்டி சொன்ன நாலு பேரில் ஒருவனாக இருந்திருக்க வேண்டியவன் நான்.

என் தம்பிக்கு அந்த ஏதாவது ஒன்று ஆயாவின் பின்கட்டும் கொத்தனாரும் என்று நினைக்கிறேன். 18 வயதில் கொத்தனார் அவனைப் புதுச்சேரியில் தமக்குத் தெரிந்த லேத் பட்டறையில் சேர்த்துவிட்டார். அவன் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கி வந்த வேட்டியை அப்பா ஓராண்டு தொடவில்லை. பிறகு ஒரு நாள் கட்டியிருந்தார், யாரும் எதுவும் சொல்லவில்லை. தம்பிக்கு இப்போது சொந்தப் பட்டறை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் தீமிதிக்கு வந்து காப்புக் கட்டுகிறான்.

போன ஆடியில் மண்டபத் திண்ணையில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, நாற்பது ஆண்டுகளாகக் கேட்காததைக் கேட்டேன். அன்றைக்கு ஏன் எடுத்தாய்? நான் மேலே எழுதியிருப்பதைப் போன்ற ஒரு பதிலை எதிர்பார்த்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் சிரித்தான். "பரோட்டா திங்கத்தாண்ணே. பத்து நாளா புளிச்சோறும் மோருசோறும். காப்பு அறுத்ததும் ஊரே கறி திங்குது. நம்ம வூட்டுல அன்னைக்கு அடுப்பே எரியல, ஒனக்கு ஞாபகமில்லையா? அப்பா சம்பளத்த தொலைச்சிட்டு வந்த நாளு அது." எனக்கு ஞாபகமில்லை. நான் அன்று கல்லூரி விடுதியில் சாப்பிட்டிருப்பேன்.

பேசிக்கொண்டே எழுந்து போய்விட்டான். அவனுக்கு வேலை இருந்தது. மறுநாள் காப்பு அறுப்பு. அன்றிரவு காப்புக் கட்டிய பையன்கள் எல்லோருக்கும் மண்டபத்துக்குப் பின்னால் அவன் செலவில் கறிச்சோறு போடுவதை எத்தனையோ ஆண்டுகளாகச் செய்து வருகிறான் என்பது எனக்குத் தெரியும். ஊருக்குப் பெரிய மனிதனானவர்கள் செய்யும் செலவு என்று நினைத்திருந்தேன். இலை எத்தனை என்று சமையற்காரர் கேட்டார். தம்பி விரலை மடக்கி ஒவ்வொரு பையன் பெயராகச் சொல்லி எண்ணி, "நாப்பத்தொண்ணு" என்றான். பிறகு ஒரு பையனைத் தேடிக் கூட்டி வருவதற்காகத் தேரடிப் பக்கம் பைக்கை எடுத்தான்.